முள்ளுக்குறிச்சிக் கிணற்றில் ஒரு விரால்

செய்தி வந்தபோது விரால் தண்ணீருக்குள் இருந்தது.

மலைமேல் வாழவந்தி நாட்டில் காப்பித் தோட்டங்களுக்குக் கீழே, ஓடையை மறித்துக் கட்டிய சின்னத் தடுப்பணை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி இருக்கும். மரங்களுக்குள் சிக்கிக் கிடந்த வெயில் அப்போதுதான் விடுபட்டு நடுத்தண்ணீரில் விழுந்திருந்தது. அனுராதா அணைச்சுவரின் மேல் உட்கார்ந்து, மடியில் ரிமோட் ரேடியோப் பெட்டியை வைத்து, இரண்டு கட்டைவிரல்களாலும் அதன் குச்சிகளைப் பிடித்திருந்தாள். அவளுக்குக் கீழே இரண்டு ஆள் ஆழத்தில், ஒரு கை நீளமுள்ள பச்சை நீர்மூழ்கிக் கப்பல் தரையை ஒட்டி மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவளும் அவள் அண்ணன் மருதாசலமும் சேர்ந்து செய்த பொம்மைக் கப்பல். விரால் என்று அதற்குப் பெயர்.

மேட்டில் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. அவள் கணவன் சுரேந்தர் இறங்கி வந்தான். செம்மேட்டில் பிளாக் ஆபீஸில் வேலை பார்ப்பவன். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட இந்த அணைப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பைக்கை மேலே ரோட்டில் அணைக்காமலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். எஞ்சின் ஓடுவது இங்கே வரைக்கும் கேட்டது.

"அனு."

"சித்த இருங்க. அடியில திரும்பிட்டிருக்குது."

"அனு, ஊர்ல இருந்து போன் வந்துது. மச்சான்..."

அவள் நிமிர்ந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் மீதியும் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவன் சொல்லி முடித்தான்.

"காத்தால ஒரு தோட்டத்துல மோட்டார் தூக்கிட்டிருந்தாராம். நெஞ்சு வலிக்குதுன்னு வரப்புல உக்காந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே முடிஞ்சு போச்சாம்."

"ம்."

"அனு, கேட்டுதா?"

"கேட்டுதுங்க."

அவள் வலது குச்சியைத் தன் பக்கம் இழுத்தாள். கீழே விராலின் வயிற்றுக்குள் இருந்த சிரிஞ்சு, உறிஞ்சி வைத்திருந்த தண்ணீரை வெளியே தள்ளியது. கப்பல் மூக்கைத் தூக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் மேலே வந்து மிதந்தது. சுரேந்தர் பேண்ட்டை மடிக்காமல் தண்ணீரில் இறங்கி அதைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினான். இதுவரை அதைத் தொட்டுப் பார்க்காதவன்.

"இன்னும் கெணத்துல எறக்கலீங்க" என்றாள் அனுராதா.

அவன் கப்பலோடு கரையேறினான். சாவுச் செய்தி கேட்டவர்கள் ஏதேதோ பேசுவார்கள் என்று நினைத்திருப்பான். ஆனால் அவள் சரியாகத்தான் பேசினாள். அண்ணன் ஊரார் முன்னால் சொன்ன ஒரு சொல் பாக்கி இருந்தது. அது அந்தக் கிணற்றில் இருந்தது.

மருதாசலம் மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் வைண்டிங் கடை வைத்திருந்தான். எரிந்துபோன மோட்டாருக்குப் பழைய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி கட்டித் தருகிற வேலை. சுற்றுவட்டாரத்தில் போர்வெல் கிணறுகள் பெருகிய காலத்தில் சப்மெர்சிபிள் மோட்டார்தான் அவனுக்கு முழுநேரச் சோறு. தண்ணீருக்குள்ளேயே கிடந்து ஓடுகிற மோட்டார். அதற்குள் தண்ணீர் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பது அவன் விரல் நுனியில் இருந்தது. ஆனால் அந்த வேலையில் அவனுக்கு ஒரு குறை.

"என்ற வேலை பூராவும் பூமிக்குள்ள கெடக்குது அம்மிணி. ஒன்னுகூட கண்ணுல படறதில்ல. கண்ணுல பட்டுதுன்னா அது ரிப்பேரு. போன மோட்டாரு நல்லபடியா திரும்பி வந்துதுன்னு ஒருநாளாச்சும் ஆராவது சொல்லியிருக்காங்களா?"

அனுராதா நாமக்கல்லில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். கல்யாணமாகி மலைக்கு வந்து, செம்மேட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றொன்பதாம் வருடம் ஒரு நாள் மருதாசலம் பஸ் ஏறி வந்து, மஞ்சள் பையிலிருந்து ஒரு ரேடியோப் பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தான். சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்க்கும் பங்காளி ஒருவன் பொம்மை விமானம் வாங்கி வந்து, முதல் நாளே அதைத் தென்னை மரத்தில் அடித்து நொறுக்கியிருந்தான். மிஞ்சியது அதை ஓட்டுகிற பெட்டியும், விமானத்துக்குள் இருந்து அந்தப் பெட்டியின் பேச்சைக் கேட்கிற சின்ன ரிசீவரும்தான்.

"இது காத்துல பேசுது. தண்ணிக்குள்ள கேக்குமா?"

"கொஞ்ச ஆழம் வரைக்கும் கேக்கும்னுதான் படிச்சது."

"கேக்கும்னா செஞ்சுருவோம்."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. சுரேந்தர் கேட்டான். "எதுக்குங்க மச்சான் இது? மீனு புடிக்கவா?"

"இல்லீங்க மாப்ள. முங்கறதுக்கு."

"முங்கி?"

"முங்கி எந்திரிக்கறதுக்கு."

நாலு அங்குல பி.வி.சி. பைப்தான் உடல். மலையில் வாங்கிய பலா மரத்துண்டை லேத்தில் கடைந்து மூக்கும் வாலும். மாட்டு டாக்டர்கள் வைத்திருக்கும் பெரிய சிரிஞ்சு ஒன்று வயிற்றுக்குள். ஒரு குட்டி மோட்டார் அதன் தண்டை இழுத்தால் வெளித்தண்ணீர் உள்ளே வரும், கனம் கூடும், கப்பல் இறங்கும். தள்ளினால் ஏறும். காற்றாடி சுழலும் தண்டு வெளியே வருகிற இடத்தில் பித்தளைக் குழாய் வைத்து, கிரீஸ் அடைத்து, ஆயில் சீல் போட்டான். அந்த இடத்தில் ஒருநாளும் ஒரு சொட்டு உள்ளே போனதில்லை. ரிசீவரிலிருந்து மோட்டார்களுக்குப் போகிற இணைப்புகளை அனுராதா பற்றவைத்தாள். அவள் பற்றவைத்ததை அவன் ஊதிப் பார்ப்பான், இழுத்துப் பார்ப்பான், பிறகு ஒன்றும் சொல்ல மாட்டான். ஒன்றும் சொல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

முதல் தடவை தண்ணீரில் விட்டதும் அது செத்த மீன்போல வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மருதாசலம் இடுப்பில் கைவைத்து நின்று சிரித்தான். அடிவயிற்றில் ஈயத்தை உருக்கி ஊற்றி, மேலே தெர்மக்கோல் வைத்து, ஒவ்வொரு துண்டாகச் செதுக்கிக் குறைத்து நிமிர்த்தினார்கள். அதற்கே ஒரு மழைக்காலம் போனது.

பெயர் வைக்கும்போது அவன் கெண்டை என்றான்.

"கெண்டை எதுக்கு? விரால்னு வையி. அதுதான் மூச்சு வாங்க மேல வரும்."

"அப்ப விராலே இருக்கட்டும். ஆனா எனக்குக் கெண்டைதான் புடிக்கும்."

"திங்கறதுக்கா?"

"பின்ன? பேருல என்ன முள்ளா இருக்குது."

சோதனையெல்லாம் மலையில்தான். அடிவாரத்துக் கிணறுகள் ஆழம், செங்குத்து, தண்ணீர் பச்சையாகக் கலங்கியிருக்கும். கப்பல் எங்கே போனது என்றே தெரியாது. ஓடைத் தண்ணீரில் அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். அதனால் மருதாசலம் மாதம் ஒருமுறை கப்பலைச் சாக்கில் சுற்றி, மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி வருவான். பஸ் கண்டக்டருக்கு அது பழகிப்போன சண்டை.

"என்னங்க, மறுபடியும் பைப்பா?"

"பைப்பு இல்லீங்க. நீர்மூழ்கிக் கப்பலுங்க."

"தண்ணிக்குள்ள முங்கறதுக்கு எதுக்குங்க மலை மேல ஏத்தறீங்க? எல்லாரும் எறங்கித்தான முங்குவாங்க?"

"எங்குளுது ஏறித்தான் முங்கும். டிக்கெட்டக் குடுங்க."

ஓட்டுவது அனுராதா. செய்தவன் மருதாசலமாக இருந்தாலும் குச்சி அவன் கைக்கு வரவில்லை. ஸ்பேனர் பிடித்துத் தடித்த விரல்கள். மெதுவாகத் தள்ளு என்றால் முழுக்கத் தள்ளிவிடும். ரெண்டு தடவை பாறையில் முட்டியதும் அவனாகவே பெட்டியை அவளிடம் நீட்டினான். "நீயி ஓட்டு. நான் பாக்கறன்." அதன்பிறகு அவன் அணைச்சுவரில் குப்புறப் படுத்து, முகத்தைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே வைத்துக்கொண்டு பார்ப்பான். அவள் ஓட்டுவாள். விரால் இரண்டு ஆள் ஆழத்தில் போய் எட்டுப் போடும், நிற்கும், பின்னால் வரும். சொன்ன சொல் கேட்டது.

அந்தத் தெம்பில்தான் இரண்டாயிரத்தொன்றாம் வருட மாட்டுப் பொங்கலன்று அதை ஊருக்குக் காட்டலாம் என்று முடிவு செய்தார்கள்.

மருதாசலத்தின் தோட்டத்துக் கிணறு பங்குக் கிணறு. அவனுக்கும், ஒன்றுவிட்ட மாமன் முறையான அர்த்தனாரிக்கும் பாதிப்பாதி. ஒரு நாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை என்று தண்ணீர் இறைத்துக்கொள்வார்கள். மாட்டுப் பொங்கலுக்கு மாடு கழுவ இரண்டு குடும்பமும் அக்கம்பக்கமும் கிணற்றடியில் கூடியிருந்தது. எல்லோர் முன்னாலும் மருதாசலம் விராலைப் படிக்கட்டில் இறங்கிப்போய்த் தண்ணீரில் வைத்தான். மேலே கைப்பிடிச் சுவரில் நின்று அனுராதா குச்சியைத் தள்ளினாள். விரால் அழகாக மூழ்கியது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பிறகு அது வரவில்லை.

அவள் இழுத்தாள், தள்ளினாள், பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு மூலையில் சேறு கிளம்பிக் குமிழி குமிழியாக மேலே வந்தது. கடைசியாகச் சொன்ன சொல்லையே பிடித்துக்கொண்டு, காற்றாடி சுற்றிக்கொண்டே, அது கிணற்றுச் சுவரின் அடியை முட்டித் தோண்டிக்கொண்டிருந்தது.

மருதாசலம் புது வேட்டியோடு குதித்தான். மூன்றாவது முழுக்கில் விராலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். தலையெல்லாம் பாசி.

அர்த்தனாரி சுவரில் கையூன்றிக் குனிந்து கேட்டார். "ஏனப்பா மருதாசலம், இதுல எது நீர்மூழ்கி? அதா, நீயா?"

கிணற்றடியே சிரித்தது.

"ரிமோட்டு அம்மிணி கையில இருக்குது. அமுக்குனதும் அண்ணன் முங்குனான் பாரு. சரியாத்தான் வேலை செய்யுது!" என்று தொடர்ந்தார் அர்த்தனாரி.

மருதாசலமும் சிரித்தான். படியில் நின்று வேட்டியைப் பிழிந்துகொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "மாமோவ், எழுதி வெச்சுக்குங்க. அடுத்த தடவ நான் நனைய மாட்டேன். ஆரும் நனைய மாட்டாங்க. அது போயி அடியத் தொட்டுட்டு, அதுவா மேல வரும். இதே கெணத்துல."

அதுதான் பாக்கி இருந்த சொல்.

ஏன் கேட்கவில்லை என்று அண்ணனும் தங்கையும் சாயங்காலம் வரை மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பேட்டரி சரி. இணைப்பு சரி. மலையில் இரண்டு ஆள் ஆழத்தில்கூடக் கேட்டது. மருதாசலத்தின் மனைவி ராதிகா பொங்கல் குழம்புக்குப் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தவள், இவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் அடுப்படியிலிருந்து ஒரு போடு போட்டாள்.

"அந்தக் கெணத்துத் தண்ணியில மூணு மணிநேரமா பருப்பே வேக மாட்டீங்குது. உங்க ரேடியோ எங்கிருந்து வேகும்?"

மருதாசலம் அனுராதாவைப் பார்த்தான். அனுராதா அவனைப் பார்த்தாள்.

உப்பு. அடிவாரத்துத் தண்ணீர் முழுக்க உப்பு. அந்த உப்பு தின்று ஓட்டையாக்கிய இரும்பைத்தான் அவன் வருடம் பூராவும் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தான். அவளோ உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். ரேடியோ அலை அப்படிப்பட்ட தண்ணீரில் கரைந்து போகும் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மலைத் தண்ணீரிலேயே பழகியதில், தண்ணீர் என்றால் எல்லாம் ஒன்று என்று இருந்துவிட்டார்கள்.

மறுநாளே சோதித்தார்கள். ரிசீவரையும் ஒரு சின்ன பல்பையும் ஊறுகாய் பாட்டிலுக்குள் வைத்து மூடி, கல் கட்டிக் கயிற்றில் இறக்கினார்கள். குச்சியை அசைத்தால் பல்பு எரிய வேண்டும். கிணற்றில் முழங்கால் ஆழத்தில் பல்பு செத்தது. அடுத்த வாரம் மலை ஓடையில் அதே பாட்டில், கயிறு தீரும் வரைக்கும் எரிந்தது. மருதாசலம் ராதிகாவுக்கு ஒரு குக்கர் வாங்கிக் கொடுத்தான்.

"பருப்பு கண்டுபுடிச்ச ரகசியத்துக்கு இது பரிசுங்களா?" என்றாள் அவள்.

"இல்ல. இனிமேலாச்சும் வெந்த பருப்பு கெடைக்குமான்னு."

வழியும் அவனுக்குத்தான் தோன்றியது. அலை தண்ணீருக்குள் வராது என்றால், காது தண்ணீருக்கு வெளியே இருக்கட்டும். மோட்டாருக்குள் கட்டுகிற மெல்லிய செம்புக் கம்பியை விராலின் முதுகிலிருந்து நீளமாக விட்டு, அதன் நுனியில் ஒரு தக்கையைக் கட்டினான். தக்கையில் விரல் நீளத்துக்கு ஒரு கம்பி நிமிர்ந்து நிற்கும். கப்பல் கீழே போனாலும் தக்கை மேலே மிதந்துகொண்டு சேதியை வாங்கிக் கீழே அனுப்பும்.

இன்னொன்று அனுராதா கேட்டாள். பேச்சு நின்றுபோனால் கப்பல் தானாகவே தண்ணீரைத் தள்ளி மேலே வர வேண்டும். அதற்கு ஒரு சின்ன சர்க்யூட் போதும். அவன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"சொன்னா வரட்டும். சொல்லாம எதுக்கு வரணும்?"

"கம்பி அறுந்து போச்சுன்னா?"

"நான் கட்டுன கம்பி எதுக்கு அறுகுது?"

"அண்ணா, நீ கட்டுன வேட்டியே அன்னிக்கு அவுந்துதா இல்லியா?"

சர்க்யூட்டை வைத்தார்கள். ஆனால் ஒரு நொடி பேச்சு தடுமாறியதற்கெல்லாம் மேலே ஓடிவந்தால் அது கப்பலே இல்லை, தவளை என்று சொல்லி, எவ்வளவு நேரம் பொறுத்துவிட்டு வர வேண்டும் என்பதை ஒரு திருகால் மாற்றிக்கொள்ளும்படி செய்தான். அந்தத் திருகை அவன்தான் ஒவ்வொரு தடவையும் திருப்புவான். அவள் குறைக்கச் சொல்வாள், அவன் கூட்டுவான்.

இதற்குள் மழை பொய்த்தது. ஒரு வருடம் மட்டுமல்ல, அடுத்ததும். கிணற்றில் தண்ணீர் படிப்படியாக இறங்கியது. மருதாசலம் ஆழம் பார்ப்பதும் கவலைப்படுவதுமாக இருந்தான். மூழ்கி எழ ஆழம் வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் விட்டுக் காட்டினால் அர்த்தனாரி வாயைத் திறக்கவே வேண்டாம், மூக்காலேயே சிரித்துவிடுவார். இரண்டாயிரத்து மூன்று பொங்கலுக்கு எப்படியும் இறக்கிவிடுவது என்றிருந்தபோது சிரிஞ்சின் ரப்பர் கசிந்தது. புது ரப்பர் போட்டு, கப்பலை மலைக்கு அனுப்பினான். "இந்த ஞாயித்துக்கெழம நீயே ஓட்டிப் பாத்துரு அம்மிணி. எனக்கு ஒரு தோட்டத்துல மோட்டார் தூக்கற வேலை இருக்குது. கசியலீன்னா அடுத்த வாரம் கெணறு."

புது ரப்பர் கசியவில்லை. அதைத்தான் அவள் அணைச்சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அனுராதா எழுபது வளைவும் இறங்கி ஊர் போய்ச் சேர்ந்தாள். விரால் சாக்கில் சுற்றியபடி அவள் மடியில் வந்தது. அன்றைக்கு அதே கண்டக்டர். சாக்கைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் டிக்கெட்டைக் கிழித்துச் சுரேந்தரிடம் கொடுத்தார். சாயங்காலம் மருதாசலத்தை எடுத்தார்கள். ஊரே வந்திருந்தது. அவன் கம்பி கட்டாத மோட்டார் அந்தப் பக்கம் எந்தத் தோட்டத்திலும் இல்லை. வந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் சொல்லி அழுதார்கள்.

காரியம் முடிகிறவரை அனுராதா ஊரிலேயே இருந்தாள். தினமும் காலையில் கிணற்றை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. நேற்று நனைந்திருந்த கல் இன்று காய்ந்திருக்கும். இன்னும் சில நாள் இறைத்தால் இரண்டு ஆள் ஆழம் இடுப்பளவாகிவிடும். அடுத்த மழைக்கு உத்தரவாதம் இல்லை.

காரியத்துக்கு முந்தின நாள் அவள் அண்ணியிடம் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த பெரியம்மா பொன்னாயி காதிலும் அது விழுந்தது.

"என்ன அம்மிணி பேசற? துக்க ஊட்டுல பொம்ம உட்டு வெளையாடுனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"வெளையாட்டு இல்லீங் பெரிம்மா. அண்ணன் சொன்ன வார்த்தை."

"செத்தவன் வார்த்தை அவனோட போச்சு சாமி."

"போகலீங் அத்தை" என்றாள் ராதிகா. "அந்த வார்த்தையை வெச்சுக்கிட்டு ரெண்டு வருசம் என்னைத் தூங்க உடல. கட்டில்ல உக்காந்து திருகைத் திருப்பிக்கிட்டே இருந்தாரு. அது முங்கி எந்திரிக்கறத நான் பாக்கோணும். காரியம் முடிஞ்ச மறுநா உடு அனு."

பொன்னாயி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். அதுதான் சம்மதம்.

ஆனால் காரியம் முடிகிற நாள் அர்த்தனாரியின் முறை. அவர் வயலில் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. அவர் ஒரு முறை இறைத்தால் கிணறு மளமளவென்று இறங்கிவிடும். அவரிடம் போய்க் கேட்க அனுராதாவுக்கு வாய் வரவில்லை. இரவெல்லாம் ஊறினால் எவ்வளவு ஊறுமோ அவ்வளவுதான் என்று விட்டுவிட்டாள்.

காரியத்தன்று பந்தலில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வந்த அர்த்தனாரி அவளருகில் நின்றார்.

"அம்மிணி."

"சொல்லுங்க மாமா."

"இன்னிக்கு என்ற மொறைய நான் எடுக்கல. மோட்டாரு சுச்சுல கை வெக்கவே இல்ல. தண்ணி அப்படியேதான் நிக்குது. காத்தால உடு."

"மஞ்சள் காயுதேங்க?"

"ஒரு மொறை காஞ்சா செத்துப் போகாது. என்னைத்தான எழுதி வெச்சுக்கச் சொன்னான்? நான் பாக்க வேண்டாமா?"

அந்த வறட்சியில் ஒருவர் தன் முறைத் தண்ணீரை விட்டுக்கொடுப்பதை முள்ளுக்குறிச்சியில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை கிணற்றடியில் மாட்டுப் பொங்கல் அளவுக்குக் கூட்டம் இல்லை. உறவுக்காரர்கள் ஒரு பதினைந்து இருபது பேர். ராதிகா கைப்பிடிச் சுவரோரம் நின்றாள். சுரேந்தர் விராலைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கினான். கடைசிப் படியில் குந்தி, கை மட்டும் நனைய, அதைத் தண்ணீரில் வைத்தான். தக்கையைத் தள்ளி விட்டான். அனுராதா மேலே நின்று குச்சிகளைப் பிடித்தாள். அவளுக்கு அந்தக் கப்பலைத் தெரியும்.

ஒன்று மட்டும் தெரியாது. மருதாசலம் கடைசியாக அந்தத் திருகை எங்கே வைத்தான் என்பது.

விரால் மூழ்கியது. பச்சைத் தண்ணீர் அதை மூடிக்கொண்டது. தக்கை மட்டும் மேலே நகர்ந்தது. அதைப் பார்த்துத்தான் கப்பல் எங்கே போகிறது என்று ஊகிக்க வேண்டும். நடுக்கிணற்றுக்கு ஓட்டினாள், நிறுத்தினாள், சிரிஞ்சை முழுக்க இழுக்க விட்டாள். தக்கை நின்றது. கொஞ்ச நேரத்தில் அதைச் சுற்றிச் சேற்றுக் குமிழிகள் நாலைந்து வந்து உடைந்தன.

"தொட்டுருச்சு" என்றான் சுரேந்தர் கீழேயிருந்து.

அப்போது மலையிலிருந்து இறங்குகிற காலைக் காற்று கிணற்றுக்குள் ஒரு சுழல் சுழன்றது. தக்கை நகர்ந்து, மோட்டாரிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் பைப்பின் பின்பக்கம் போனது. அவள் விராலைத் திருப்பப் பார்த்தாள். திருப்பியது தப்பு. கம்பி பைப்பை ஒரு சுற்றுச் சுற்றி விறைத்தது. கப்பல் இழுத்தது. டிங் என்று ஒரு சின்னச் சத்தம். தக்கை விடுபட்டுச் சும்மா மிதந்தது.

அவள் குச்சியை இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இனி நடக்காது. கீழே கிடப்பதற்குக் காது இல்லை.

தண்ணீர் அசையவில்லை. மருதாசலத்தின் சித்தப்பா மகன் ஒருவன் சட்டைப் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தான். அர்த்தனாரி அவன் தோளில் கைவைத்து அழுத்தினார்.

"நில்றா. ஆரும் நனையக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்."

"மாமா, கம்பி அறுந்துருச்சுங்க" என்றான் அவன்.

"அறுந்தா அறுகட்டும். நில்லு."

அனுராதா குச்சிகளிலிருந்து விரல்களை எடுத்துவிட்டாள். பேச்சு நின்றுவிட்டது என்று அது புரிந்துகொள்ள வேண்டும். பொறுக்கச் சொன்ன நேரம் வரை பொறுக்க வேண்டும். கூட்டியே வைத்திருப்பான். அவன் எப்போதும் கூட்டித்தான் வைப்பான். ராதிகாவின் உதடுகள் எதையோ எண்ணுவதுபோல் அசைந்தன. கிணற்றோரத்து வேம்பிலிருந்து ஓர் இலை விழுந்து, தண்ணீரில் உட்கார்ந்து, மெல்லச் சுற்றியது. அந்த இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் கொஞ்சம் புடைத்தது.

பலா மூக்கு முதலில் வந்தது. பிறகு பச்சை முதுகு. விரால் முழுசாக மேலே வந்து, ஒருதரம் இப்படியும் அப்படியும் ஆடிவிட்டு நின்றது.

யாரும் கை தட்டவில்லை. ராதிகா ஒரு பெரிய மூச்சு விட்டாள். "இத்தன நேரமா வெப்பாங்க? மனுசன் கல்நெஞ்சுதான்" என்றாள். பிறகுதான் அழுதாள்.

சுரேந்தர் ஒரு நீளக் கம்பால் படியோரம் இழுத்து, அதைக் கொண்டுவந்து சுவர்மேல் வைத்தான். முழங்கைக்கு மேல் அவன் நனையவில்லை. அர்த்தனாரி குனிந்து விராலின் மூக்கை ஒரு விரலால் வழித்தார். விரலில் கருஞ்சேறு. அதை எல்லோருக்கும் காட்டினார்.

"அடிச்சேறு" என்றார். "தொட்டுட்டுத்தான் வந்திருக்குது. ஒத்துக்கறன்டா மருதாசலம்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மோட்டார் ரூமுக்குப் போய் சுவிட்சைப் போட்டார். முதல்நாள் விட்ட முறைத் தண்ணீர் அவர் மஞ்சளுக்கு ஓடியது.

அனுராதா அன்று பிற்பகல் பஸ்ஸிலேயே மலைக்குத் திரும்பிவிட்டாள். பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கியிருந்தது. விரால் செம்மேட்டு வீட்டில் அலமாரிக்கு மேலே இருக்கிறது. தடுப்பணையில் அது இப்போதும் சொன்ன சொல் கேட்கிறது. அந்தத் தண்ணீருக்குக் கம்பியும் தக்கையும் தேவையில்லை.

பைப்பைச் சுற்றிய அறுந்த கம்பி மட்டும் முள்ளுக்குறிச்சிக் கிணற்றில் அப்படியே இருக்கிறது. அதை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை.